தேர்வுக்குத் தவமா? வீட்டிற்குத் துறவா?

கல்வியைப் போற்றாத தமிழர் எவரும் இலர். தோட்டப்புறத்து லயத்து வீடுகளிலும் சிங்கையின் கம்பத்துக் குடிசைகளிலும் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் படித்து மேலேறிய தலைமுறையின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. அதனால்தான், ‘தேர்வு’ என்னும் சொல் ஒரு வீட்டினுள் நுழைந்த மாத்திரத்தில் வானொலி வாயடைக்கிறது, தொலைக்காட்சி இருளடைகிறது, வந்த விருந்தினர் வாசலோடு திரும்புகின்றனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்குப் படிக்கையில் வீடு காக்கும் இவ்வமைதியைக் குறை கூறுவார் இலர். ஆனால், அதே அமைதியை முப்பத்தைந்தாம் அகவையில், ஒருத்திக்குக் கணவனாகவும் இரு குழந்தைகளுக்குத் தந்தையாகவும் ஆகிவிட்ட ஒருவன் மீண்டும் தனக்கென்று கேட்கும்போது, அது முறைதானா என்னும் வினா எழுந்தே தீரும்.

இவ்வினாவுக்கு இன்று மிகுதியும் இடந்தருவது பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வே ஆகும். வணிக நிர்வாகத்தில் எம்.பி.ஏ. பட்டம் பெற விழைவோர் எழுதும் ஜிமேட் தேர்வும், பல்வேறு துறைகளில் மேற்பட்டம் நாடுவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வும் சிறுவர் எழுதும் தேர்வுகள் அல்ல. எம்.பி.ஏ. பள்ளிகள் பலவும் சில ஆண்டுக்காலப் பணியனுபவத்தை எதிர்பார்ப்பதால், அத்தேர்வை எழுத அமர்பவர் பெரும்பாலும் வேலையில் இருப்பவர். அவருள் பலர் இல்லறத்தில் இருப்பவர். சிங்கையிலோ, உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் போதாவென்று, பிரான்சு நாட்டின் இன்சியாட் பள்ளியும் 2000ஆம் ஆண்டில் தன் ஆசிய வளாகத்தைத் திறந்தது. மேற்படிப்பு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அதனோடு தேர்வும் வீட்டிற்குள் வந்துவிட்டது.

வந்த தேர்வை எவ்வாறு எதிர்கொள்வது? காப்பிக்கடை மேசையிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், துணைப்பாட நிலையங்களின் விளம்பரத் தாள்களிலும் ஒரே அறிவுரைதான் ஓதப்படுகிறது. “ஆறு மாதம் கதவை அடைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு. மிதிவண்டியைப் பூட்டி வை. பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பு. மதிப்பெண் தானே வந்து சேரும்.” இதற்குத் ‘தவம்’ என்று பெயரும் சூட்டியாயிற்று. தவம் என்று பெயர் வைத்துவிட்டால் அதனை எதிர்த்துப் பேச யாருக்கு நா எழும்?

எழத்தான் வேண்டும். ஏனெனில், இக்கதவடைப்புக் கொள்கை தேர்வின் இயல்பை அறியாதது. நினைவின் இயல்பை அறியாதது. எல்லாவற்றிற்கும் மேலாக, அடைத்த கதவுக்கு வெளியே நிற்பவரின் உரிமையை அறியாதது.

தேர்வு எதனைக் கேட்கிறது?

முதற்கண் தேர்வின் இயல்பை நோக்குவோர்க்கு உண்மை விளங்கும். அமெரிக்காவில் 9 வணிகப் பள்ளிகள் 1953இல் ஒன்றுகூடி வித்திட்டது ஜிமேட் தேர்வு. 1997 முதல் அது கணினிவழித் தேர்வாயிற்று. விடை சரியாயின் அடுத்து வரும் வினா கடுமையாகும், தவறாயின் எளிதாகும், அதனைக் கொண்டே எழுதுபவரின் திறம் அளக்கப்படும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் புதிய வடிவம் அறிமுகமாகி, 2024 சனவரியோடு பழைய வடிவம் விடைபெற்றது. புதிய தேர்வின் நேரம் 2 மணி 15 நிமிடம். கணக்கு, மொழி, தரவு ஆய்வு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணக்கில் 21 வினாக்கள், மொழியில் 23, தரவு ஆய்வில் 20. பழைய தேர்வில் இருந்த கட்டுரை எழுதும் பகுதியும், வாக்கியத் திருத்தமும், வடிவியலும் நீங்கிவிட்டன. ஜி.ஆர்.இ. தேர்வும் 2023 செப்டம்பரில் ஏறத்தாழப் பாதி நேரமாகச் சுருங்கி, 2 மணிக்கும் சற்றுக் குறைவாயிற்று.

இவ்வெண்கள் சொல்லும் செய்தி யாது? ஒரு வினாவுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடமே உண்டு. கேட்கப்படும் கணக்கோ உயர்நிலைப்பள்ளி மாணவன் அறிந்த கணக்குதான். கணக்குப் பகுதியில் கணிப்பான் கிடையாது. ஒவ்வொரு பகுதியிலும் எழுதிய விடைகளுள் மூன்றை மட்டுமே மாற்றலாம். ஆகவே, இத்தேர்வு அளப்பது ஒருவன் எத்தனை நூல்களை விழுங்கினான் என்பதனை அன்று. இரண்டு நிமிடத்தில் தெளிவாக எண்ணி, துணிந்து முடிவெடுத்து, போனதை விட்டு அடுத்ததற்கு நகர முடியுமா என்பதனையே. களைத்த கண்ணும் கலங்கிய நெஞ்சும் கொண்டு அமர்பவனுக்கு அத்தெளிவு எங்கிருந்து வரும்? ஆறு மாத உறக்கத்தை அடகு வைத்து வாங்கிய நூறு சூத்திரங்களால், தேர்வறையில் தேவைப்படும் அந்த இரண்டு நிமிடத் தெளிவை மீட்டுக்கொள்ள இயலுமா?

வேடிக்கை யாதெனில், கதவடைப்புக் கொள்கையை முறியடிக்கும் படைக்கருவி அத்தேர்வின் உள்ளேயே இருக்கிறது. மொழிப் பகுதியில் ஏரணத் திறனைச் சோதிக்கும் வினாக்கள் வரும். ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து, அதில் சொல்லாமல் மறைந்து நிற்கும் அனுமானம் எது, அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்யும் செய்தி எது என்று கேட்பர். துணைப்பாட நிலையத்தின் விளம்பரத்தையே அத்தகைய வினாவாக வைத்துப் பார்க்கலாம். “எம் மாணவர் ஒருவர் ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியேறாமல் படித்தார், உயர்ந்த மதிப்பெண் பெற்றார், ஆகவே, வெளியேறாமல் படித்தால் உயர்ந்த மதிப்பெண் கிட்டும்.” இதில் மறைந்திருக்கும் அனுமானம் எது? அவர் வெளியே சென்றிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும் என்பதே. அதற்குச் சான்று எங்கே? அவ்வாறே கதவடைத்துப் படித்தும் தோற்றவர் எத்தனை பேர்? அவர்களின் நிழற்படத்தை எந்த விளம்பரம் வெளியிட்டது? ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு கடற்கரைக்குச் சென்றும் வென்றவர் இலரா? இவ்வாதத்தின் ஓட்டையைக் காணத் தெரியாதவன் தேர்வில் அவ்வினாவுக்கு விடை எழுத மாட்டான்; காணத் தெரிந்தவனோ அவ்விளம்பரத்தை நம்ப மாட்டான்!

அச்சத்தை விற்பது ஒரு வாணிகம். சிங்கைக் குடும்பங்கள் துணைப்பாடத்திற்குச் செலவிட்ட தொகை, குடும்பச் செலவு பற்றிய அரசாங்க ஆய்வின்படி, 2017–18இல் ஏறத்தாழ 1.4 பில்லியன் வெள்ளி. 2023இல் அது 1.8 பில்லியன் வெள்ளியாக உயர்ந்தது. இத்தனைக்கும் அதே காலத்தில் அரசாங்கங்கள் தேர்வின் பிடியைத் தளர்த்தி வந்தன. சிங்கைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் முற்றிலும் நீக்கப்பட்டன. மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், பி.தி.3 தேர்வு 2022இலும் கைவிடப்பட்டன. நாடு தளர்த்திய கயிற்றை வீடு இறுக்கிக் கட்டிக்கொள்கிறது. பள்ளியில் கற்ற அச்சம் பட்டமேற்படிப்பு வரை பின்தொடர்ந்து வருகிறது. பிள்ளைப் பருவத்தில் தாய் வீட்டை அடக்கி வைத்தாள். இன்று மனைவி அடக்கி வைக்க வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கிறான். ஆள் வளர்ந்தான், தேர்வைக் குறித்த எண்ணம் வளரவில்லை.

நினைவு எவ்வாறு நிலைக்கிறது?

இரண்டாவதாக, மனித நினைவின் இயல்பு. எர்மன் எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைக் காட்டிலும், இடைவெளி விட்டுப் பல நாள்களில் படிப்பது குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தரும் என்பதை அவர் அன்றே கண்டார். அவருக்குப்பின் வந்த ஆய்வுகள் பலவும் அதனை உறுதிப்படுத்தியுள்ளன.

2006இல் அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய ஆய்வு மற்றோர் உண்மையை விளக்கியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர், ஐந்து நிமிடம் கழித்துச் சோதிக்கையில் முந்தினர். ஒரு கிழமை கழித்துச் சோதிக்கையிலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவரே முந்தினர். நள்ளிரவு வரை அதே பக்கத்தைப் புரட்டுபவனுக்குத் தான் எல்லாம் அறிந்துவிட்டதாகத் தோன்றுவது அந்த ஐந்து நிமிட மயக்கமே.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? புத்தகத்தை மூடி வைக்கும் நேரமும் படிப்பின் ஒரு பகுதியே. சனிக்கிழமை படித்ததைத் திங்கட்கிழமை நினைவுகூர்ந்து பார்ப்பதற்கு இடையே ஒரு ஞாயிறு வேண்டும். அந்த ஞாயிறு வீணாகிவிட்டதாக வருந்துபவன், விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கும் உழவனுக்கு ஒப்பானவன்.

பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி பொயின்கரே, தாம் நெடுநாள் போராடிய ஒரு சிக்கலுக்கு விடை கிட்டிய வகையினை 1908இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். நிலவியல் சுற்றுலா ஒன்றில் கலந்துகொள்ளத் தம் கணக்கை மறந்து புறப்பட்டவருக்கு, குத்தான்சு என்னும் ஊரில் குதிரை வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் விடை தோன்றிற்று. முன்னர் உழைத்த உழைப்பின்றி அது தோன்றியிராது. அதனை அவரே வலியுறுத்துகிறார். ஆயினும், உழைப்பின் பயன் மேசையின் முன்தான் கைக்கு வரும் என்று எண்ணுவோர் அந்த வண்டிப் படியை நினைத்துப் பார்ப்பது நன்று.

உடலுழைப்பின் பயனும் அத்தகையதே. 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதியோர் 120 பேர் ஓராண்டுக் காலம் கண்காணிக்கப்பட்டனர். ஒரு சாரார் நடைப்பயிற்சி செய்தனர். மறுசாரார் கைகால் நீட்டும் எளிய பயிற்சி செய்தனர். நினைவுக்கு இன்றியமையாததும் கடற்குதிரை வடிவினதுமான மூளைப்பகுதி, நடந்தவர்க்கு ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்தது. மற்றவர்க்குச் சிறிது சுருங்கியது. அது முதியோரைப் பற்றியது, நடையைப் பற்றியது. மிதிவண்டி ஓட்டினால் ஜிமேட் மதிப்பெண் கூடும் என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டுவது, விளம்பரக்காரன் செய்யும் பிழையையே செய்வதாகும். எனினும், உடலை அசைப்பது மூளைக்குப் பகை என்று அஞ்சி மிதிவண்டியைப் பூட்டுபவனின் அச்சத்துக்கு அங்கு ஆதாரம் ஏதுமில்லை என்ற அளவில் அது போதும்.

வாரத்தின் கணக்கு

“எல்லாம் சரி, நேரம் எங்கே?” என்பர். கணக்குத் தேர்வு எழுதுபவர் இக்கணக்கையும் போட்டுப் பார்ப்பது தகும். வாரத்திற்கு 168 மணி நேரம். வேலைக்கு 50, போய்வரும் பயணத்திற்கு 10, நாளொன்றுக்கு 7 வீதம் உறக்கத்திற்கு 49, குளியல், உணவு, வீட்டுவேலை ஆகியவற்றிற்கு 21 எனத் தாராளமாகக் கழித்தால் ஆவது 130. எஞ்சுவது 38 மணி. வேலை நாள் ஐந்திலும் ஒன்றரை மணி நேரமும், சனிக்கிழமை மூன்றரை மணி நேரமும் படித்தால் 11 மணியாகும். ஞாயிறு குடும்பத்தோடு வெளியே செல்ல 8 மணி. வேலைநாள் மாலையில் பிள்ளைகளோடு இருக்க, நாளுக்கு 1 வீதம், 5 மணி. விடியற்காலையில் மிதிவண்டிக்கென்று 2 மணி. ஆகமொத்தம் 26. அப்போதும் 12 மணி நேரம் கையில் நிற்கிறது! பதினாறு வாரம் இவ்வாறு படித்தால் 176 மணி நேரப் படிப்பு. அதுவும் தெளிந்த மூளையோடு படித்த படிப்பு.

அவ்வாறாயின், நேரம் இல்லை என்னும் ஓலம் எங்கிருந்து எழுகிறது? எஞ்சிய அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எலி தின்பது போலத் தின்பது எது என்று அவரவர் கைப்பேசியைக் கேட்டால் தெரியும். மதிப்பெண் எவ்வளவு வாங்கலாம் என்று பிறர் பேசுவதைக் கேட்பதும், எந்த நூல் சிறந்தது என்று இரவெல்லாம் ஆராய்வதும், படிப்புபோல் தோன்றும் படிப்பின்மைகள். அவற்றைக் கேள்வி கேட்பார் இலர். குழந்தையின் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே முதலில் வெட்டுக்கு வருகிறது. காரணம் வெளிப்படை: குழந்தை எதிர்த்து வாதாடாது.

சிலர்க்கு இரண்டு வேலை, சிலர்க்கு இரவுப்பணி, சிலர்க்கு நோயுற்ற பெற்றோர். அவர்களுக்கு இக்கணக்கு இவ்வாறு அமையாது. அத்தகையோர் நாள் குறைத்துப் படிக்காமல் மாதம் கூட்டிப் படிப்பதே வழி. பள்ளித் தேர்வைப் போல் ஆண்டுக்கு ஒரே நாள் என்று இத்தேர்வு எவரையும் கட்டிப்போடவில்லை. தனக்கேற்ற நாளை எழுதுபவரே குறித்துக்கொள்ளலாம். பெற்ற மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும். ஐந்தாண்டு பொறுத்திருக்கும் தேர்வுக்காக, பொறுத்திருக்க முடியாத குழந்தைப் பருவத்தை ஏன் பலியிட வேண்டும்?

கதவுக்கு வெளியே

மூன்றாவதும் முதன்மையானதும் இதுவே. “ஆறு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்பவர் அந்த ஆறு மாதத்தை யாருடைய நாள்காட்டியில் எண்ணுகிறார்? ஏழு வயதுக் குழந்தை ஏழு வயதுக் குழந்தையாக இருப்பது 52 ஞாயிறுகளே. அவற்றுள் 26ஐக் கதவுக்கு உள்ளிருப்பவர் எடுத்துக்கொண்டால் பாதி போயிற்று. அதனோடு முடிகிறதா? தேர்வுக்குப்பின் விண்ணப்பக் கட்டுரைகள், அதன்பின் நேர்காணல், அதன்பின் படிப்பு, அதன்பின் பெரிய பதவி, பெரிய பதவிக்கு ஏற்ற பெரிய வேலைப்பளு. ‘இது மட்டும் முடியட்டும்’ என்னும் சொல்லுக்கு முடிவே இல்லை. கதவை மூடப் பழகிய கை திறக்கப் பழகுவதில்லை.

கதவுக்கு வெளியே மனைவி நிற்கிறாள். அவளும் பட்டதாரிதான், அவளும் வேலைக்குச் செல்பவள்தான். அவளுக்கும் மேற்படிப்பு ஆசை உண்டா என்று கேட்டவர் யார்? அவள் ஜிமேட் எழுத விழைந்தால் ஆறு மாதம் அவளுக்கொரு கதவு அடைக்கப்படுமா? கணவன் சமைப்பானா? மாமியார் பிள்ளைகளை அடக்கி வைப்பாரா? ‘குடும்பப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு?’ என்ற ஒரு வரியில் அவளுடைய தவம் கலைந்துவிடும். ஆண் கதவை மூடினால் தவம். பெண் கதவை மூடினால் பொறுப்பின்மை! இவ்விரட்டை நீதியைத் தாங்கிப் பிடிப்பதே கதவடைப்புக் கொள்கையின் மறைவான பயன்.

வசதி படைத்த வீடுகளில் அக்கதவைக் காப்பது இல்லப் பணிப்பெண். தன் பிள்ளைகளைக் கடல் கடந்த ஊரில் விட்டுவிட்டு வந்தவள், இங்கே தந்தை இருந்தும் இல்லாத பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறாள். அவளுக்கேனும் சட்டம் ஒரு துணை: 2013 முதல் வாரந்தோறும் ஓய்வுநாள் என்னும் விதி உண்டு, 2023 முதல் மாதத்தில் ஒரு நாளேனும் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வாக இருத்தல் வேண்டும். தேர்வெழுதும் கணவனின் மனைவிக்கு அந்த ஒரு நாளும் இல்லை. அவளுக்குச் சட்டம் எழுத நாடாளுமன்றத்தால் ஆகாது. வீடுதான் எழுத வேண்டும்.

மிதிவண்டியின் குற்றம்

இங்கே மிதிவண்டிக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கதவடைப்பைக் கண்டிப்பவர் சிலர் மறுபுறம் சாய்ந்துவிடுகின்றனர். “படிப்புக்கு இடையே உடற்பயிற்சி வேண்டும்” என்று சொல்லிக்கொண்டு, ஞாயிறு விடியுமுன் இறுகிய உடையணிந்து, ஆயிரக்கணக்கான வெள்ளி விலையுள்ள மிதிவண்டியில் நண்பரோடு தீவைச் சுற்றப் புறப்பட்டு, நண்பகலில் திரும்பி, களைப்பால் உறங்கி, மாலையில் புத்தகத்தோடு அமர்கின்றனர். இவர்க்கும் கதவை அடைத்தவர்க்கும் வேறுபாடு என்ன? ஒருவர் கதவின் உள்ளே மறைந்தார். மற்றவர் கதவின் வெளியே மறைந்தார். வீட்டில் இருப்பவர்க்கு இருவரும் ஒன்றே. தேர்வுக்கு முதலிடம், மிதிவண்டிக்கு இரண்டாமிடம், மிச்சம் மீதி குடும்பத்திற்கு என்னும் வரிசையே நோய். தேர்வு அந்நோயின் ஓர் அறிகுறி மட்டுமே.

வரிசையை மாற்றினால் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும். குடும்பத்தின் நேரம் முதலில் குறிக்கப்படட்டும். படிப்பு அதற்கடுத்து நாள்தோறும் சிறுசிறு அளவில் வந்து அமரட்டும். மிதிவண்டி இரண்டிற்கும் பாலமாகட்டும். சிங்கையில் அதற்கு வழியில்லை என்று யாரும் கூற முடியாது. 1990களின் தொடக்கத்திலிருந்து அமைக்கப்பட்டு வந்த பூங்கா இணைப்புப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டரையும் கடந்து நீள்கின்றன. கடலைத் தூர்த்து ஆக்கிய கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் வாடகை மிதிவண்டி கிடைக்கிறது. சாங்கியிலிருந்து படகேறினால் புலாவ் ஊபின். 2011இல் மலாயா இரயில் சேவை தஞ்சோங் பகாரை விட்டு விலகியபின், அவ்விருப்புப்பாதை இருந்த நிலம் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் பசுமை வழியாயிற்று. அந்த இரயில்வேயில் தமிழர் பலர் வியர்வை சிந்தி உழைத்தனர் என்பதை, அவ்வழியே மிதிவண்டி ஓட்டும் பிள்ளைக்குத் தந்தையன்றி வேறு யார் சொல்வார்?

பத்து வயது மகளின் வேகத்திற்கு ஏற்ப மிதிப்பவன் தீவைச் சுற்றியதாகப் பெருமை பேச இயலாதுதான். ஆனால், உடலும் அசைந்தது, உள்ளமும் ஓய்ந்தது, மகளும் மகிழ்ந்தாள், மனைவி உடன் வந்தாள், அல்லது அவளுக்கென்று இரண்டு மணி நேரம் தனியே கிடைத்தது. ஒரே பொழுதில் நான்கு பயன் விளையும் இதனை வீண்பொழுது என்பது எந்தக் கணக்கு?

ஒரு முன்மாதிரி

படிப்பு, குடும்பம், மிதிவண்டி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வாழா என்போர்க்கு மேரி கியூரியின் வாழ்க்கையே மறுமொழி. 1895ஆம் ஆண்டில் பியரி கியூரியை மணந்த மேரி, திருமணப் பரிசாக வந்த பணத்தில் இரு மிதிவண்டிகள் வாங்கினார். புதுமணத் தம்பதியர் அவற்றில் ஏறியே நாட்டுப்புறம் சுற்றினர். அடுத்த ஆண்டு முழுவதும் பகலில் எஃகின் காந்தத் தன்மையைப் பற்றிய ஆய்வு, வீட்டு வேலை, இரவில் ஆசிரியப் பணிக்கான போட்டித் தேர்வுப் படிப்பு. 1896இல் அத்தேர்வில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டுக் கோடையில் மீண்டும் மிதிவண்டிப் பயணம். 1897இல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். 1903இலும் 1911இலும் நோபல் பரிசு வந்தது.

“அவர் மேதை, சாதாரண மனிதர்க்கு அது பொருந்துமா?” என்பர். பொருந்துவது அவருடைய மேதைமை அன்று, அவ்வீட்டின் அமைப்பு. அங்கே மனைவியின் படிப்பைக் கணவன் தன் படிப்பைப் போலவே மதித்தான். குழந்தை பிறந்தபின், மருத்துவரான மாமனாரே அவர்களோடு வந்து தங்கிப் பேத்தியைப் பேணினார். ஒருவருக்காக மற்றவர் எல்லாரும் கதவுக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. சுமை கைமாறிக் கைமாறிச் சென்றது. நூற்றிருபது ஆண்டுக்கு முன்னர் ஒரு பிரெஞ்சு மாமனாரால் இயன்றது, சிங்கையின் அடுக்குமாடி வீட்டில் வாழும் தமிழ் மாமனாரால் இயலாதா? அறிவியல் மேதையை உருவாக்க முடியாது; இத்தகைய வீட்டை உருவாக்க முடியும்.

தேர்வை எளிதென்று இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பயிற்சியின்றி அதனை வெல்வார் அரியர். உழைக்காமல் ஊர் சுற்றுவதற்குக் குடும்பத்தைச் சாக்காகக் காட்டுவோரும் உளர். அவர்க்கு இங்கு இடமில்லை. குறித்த ஒன்றரை மணி நேரத்தில் வீடு அவரைத் தொந்தரவு செய்யாதிருப்பது வீட்டின் கடன். அந்த ஒன்றரை மணி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வருவது அவருடைய கடன். இவ்விரு கடனும் ஒன்றுக்கொன்று ஈடு. ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுபவர் கடனாளியாகிறார்; அக்கடனுக்கு வட்டி செலுத்துவோர் அவர்தம் பிள்ளைகள்.

ஆதலால், பட்டமேற்படிப்பை நாடும் தமிழ் இளைஞரும் பெண்டிரும் தேர்வை எழுதுக, நன்றாகவே எழுதுக. ஒரே வீட்டில் இருவர்க்கும் அவ்விருப்பம் இருப்பின், முறைவைத்து இருவரும் எழுதுக. வாரத்தின் கணக்கை வீட்டார் எல்லாரும் கூடியிருந்து போடுக. அச்சத்தை விற்கும் வாணிகருக்குச் செவி சாய்க்காதிருக்க. ஞாயிறு வந்தால் மிதிவண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடித்து, சிறியவனின் வண்டியை முன்னே விட்டுப் பெரியவர் பின்னே செல்க. 805க்கு எத்தனை என்று அளக்கும் தேர்வு 2 மணி 15 நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் இருப்போர் எழுதும் மதிப்பெண்ணுக்கு உச்ச வரம்பும் இல்லை, மறுதேர்வும் இல்லை.